தகரப் பெட்டியும் கைத்தொலைபேசியும்



முன்பெல்லாம் தோட்டத்தில் ஒருவர் காலமாகிவிட்டால், கருமாதி முடிந்த கையோடு பெரியவர்கள் தகரப் பெட்டியைத் திறப்பார்கள். சேமிப்புப் புத்தகம், அடகுச் சீட்டு, சங்க அட்டை, எல்லாம் அதிலே இருக்கும். இன்று கேரித் தீவிலே செம்பனைக் குலை வெட்டுகிறவரின் பெட்டி எது? சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசிதான். அதைத் திறக்கும் விரல் போய்விட்டால் வீட்டார் என்ன செய்வது?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இது நடந்தது. கணவருக்கு எந்த வங்கியில் கணக்கு என்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. காகிதத்தில் கணக்கு வருவதில்லையே! போதாக்குறைக்கு, வீண் செலவென்று அவருடைய எண்ணுக்குப் பணம் போடாமல் விட்டார்கள், எண்ணும் போயிற்று. கணக்குகளை மீட்கும் இரகசிய எண் அந்த எண்ணுக்குத்தானே வரும்!

முதலில் ஊழியர் சேமநிதியைப் பாருங்கள். நம்மில் பலருக்குப் பெரிய சொத்தே அதுதான். முஸ்லிம் அல்லாதவர் வாரிசு நியமனம் செய்திருந்தால், பணம் அவ்வாரிசுக்கே நேராகச் சேரும். வாலிபத்தில் தாயார் பெயரை எழுதியவர், தாயார் மறைந்த பின்னும் மாற்றாமலே இருப்பார். அந்த நியமனம் செல்லாது.

வங்கிப் பணம் வேறு. உயில் இல்லாவிட்டால் எல்லாம் மனைவிக்கே என்று எண்ணாதீர்கள். 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, பெற்றோரும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. ஆகவே இறந்தவரின் அட்டையை எடுத்துப்போய்ப் பணத்தை இழுப்பது பின்னால் வம்பில் முடியும். நெடுங்காலம் கைபடாத பணம், 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி, கோரப்படாத பணப் பதிவாளரிடம் போய்விடும். அங்கிருந்தும் வாரிசுகள் கேட்டுப் பெறலாம்.

உயில் எழுத 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறுகிறவரையோ அவருடைய கணவன் மனைவியையோ சாட்சியாக வைத்தால், அவருக்கு எழுதிய பங்கு போய்விடும். கடவுச்சொல்லை உயிலில் எழுதாதீர்கள். அதைப் பிறரும் படிக்க நேரும். எந்த வங்கி, எந்தப் பணப்பை, எந்த மின்னஞ்சல் என்று மட்டும் ஒரு தாளில் எழுதி, அடையாளக் கார்டு நகலோடு வையுங்கள்.

படங்களும் சொத்துத்தான். கூகுள் கணக்கை இரண்டாண்டு தொடாவிட்டால் அழித்துவிடக்கூடும். நாம் ஓய்ந்தபின் யாரிடம் கொடுப்பது என்பதை அதிலேயே முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம். முகநூலிலும் ஒருவரைக் குறிக்கலாம். ஆனால் அவரால் உங்கள் அந்தரங்கச் செய்திகளைப் படிக்க முடியாது. பலருக்கு அது நிம்மதியாகவே இருக்கும்!

இதையெல்லாம் செய்யத் தெரியாத தாத்தா பாட்டிமார், பள்ளிப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். இரகசிய எண்ணை மட்டும் அதனிடம் சொல்லாதீர்கள்.