எடுத்த இடம் சுட்டுதலே ஆய்வறம்

(தனித்தமிழ் அன்பர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் தொன்மை வாய்ந்தது, தூய்மை வாய்ந்தது, தனித்தியங்க வல்லது. இம் மூன்றையும் இவ்வரங்கில் அமர்ந்திருப்போர்க்கு மெய்ப்பித்துக் காட்ட வேண்டுவதில்லை. ஆனால், அரங்கிற்கு வெளியே நிற்போர் ஒரு வினாவை எழுப்புவர். "இதற்குச் சான்று எங்கே? எந்த நூல்? எந்தப் பதிப்பு? எந்தப் பக்கம்?" என்பதே அவ் வினா. அதற்கு விடை கூற இயலாதபோது மெய்யும் பொய்போல் தலைகுனிந்து நிற்கும். தமிழுக்காக உயிரையும் கொடுப்போம் என முழங்குவோர், ஓர் அடிக்குறிப்பு எழுதச் சோம்புவராயின், அம் முழக்கத்தால் தமிழுக்கு விளையும் ஆக்கம் யாது?

மேற்கோள் காட்டுதலும், துணைநூற்பட்டி அமைத்தலும் பட்டம் பெறுவோர்க்குரிய வெற்றுச் சடங்கு எனப் பலர் கருதுகின்றனர். அக் கருத்துப் பிழை. அது கடன் தீர்க்கும் செயல், அறத்தின்பாற்பட்ட செயல்.

முன்னோர் வகுத்த நெறி

இந் நெறி மேலையரிடமிருந்து கடன் கொண்டதன்று. முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் நூலை வகுத்துக் காட்டிற்றுத் தொல்காப்பிய மரபியல். பின்வந்த நன்னூல், சார்புநூல் என்பதையும் கூட்டி மூன்றாக்கிற்று. ஒரு நூல் எதன் வழியில் வந்தது என்பதை வெளிப்படக் கூறுதல் நூலாசிரியன் கடமை என்பதே இப் பகுப்பின் உட்கிடை. தொல்காப்பியர் "என்ப" என்றும் "என்மனார்" என்றும் இடந்தோறும் கூறிச் செல்வது எதற்காக? தாம் கூறுவது தமக்கு முற்பட்ட புலவர் கண்டது என்பதை ஒளிக்காமல் உரைத்தற்காகவே. பிறர் உடன்பட்டதைத் தானும் உடன்படுதல் நூல் உத்திகளுள் ஒன்றாக எண்ணப்பெற்றிருப்பதும் இதனாலேயே.

எனினும், பழைய முறையில் ஒரு குறை இருந்தது. அதனை மறைத்தல் ஆகாது. "என்மனார்" என்ற தொல்காப்பியர், அங்ஙனம் கூறிய புலவர் இன்னார் எனப் பெயர் சுட்டவில்லை. அக்காலத்து மாணாக்கர்க்கு அது தெரிந்திருக்கலாம். இன்றுள்ளோர்க்கு அப் புலவர்தம் பெயரும் இல்லை; நூலும் இல்லை. பெரும்புலமை வாய்ந்த உரையாசிரியரும் பல இடங்களில் பாட்டை மட்டும் எடுத்துக்காட்டி, "என்றார் பிறரும்" என அமைந்தனர். 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதர், நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தவை எனத் தெரியாமல் பட்ட தொல்லையைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். எட்டுத்தொகைச் சுவடிகள் கைக்கு எட்டிய பின்னரே அவற்றுட் பல, கழக நூற்பாட்டுகள் எனப் புலனாயின. பெயர் சுட்டாமையால் ஒரு பேரறிஞர் இருளில் அலைய நேர்ந்தது. அவர் அப் பிழையைத் தாம் செய்யவில்லை. தாம் ஒப்புநோக்கிய ஏட்டுப்படிகள் எவரிடமிருந்து கிடைத்தன என்பதைத் தம் பதிப்புகளில் ஊரும் பெயரும் சுட்டி எழுதி வைத்தார்.

பெயர் சொன்னதால் பிழைத்தவை

முத்தொள்ளாயிரம் என்னும் நூலைத் தமிழர் போற்றுகின்றனர். அந் நூல் முழுமையாக இன்று இல்லை. நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்களே எஞ்சியுள்ளன. அவை எஞ்சியது எவ்வாறு? புறத்திரட்டு என்னும் தொகைநூலைத் தொகுத்தவர், தாம் எடுத்த பாட்டுகளுடன் அவை எடுக்கப்பெற்ற நூலின் பெயரையும் ஏட்டில் குறித்து வைத்தமையால்! தகடூர் யாத்திரை என்னும் நூலின் பாட்டுகள் சில இன்று அறியப்படுவதும் பெரும்பாலும் அவ் வகையிலேயே. அத் தொகுப்பாளர் தம் பெயரைக்கூட வெளியிட்டுக்கொள்ளவில்லை. ஆயினும் பிறர் நூலின் பெயரை விடாமல் எழுதினார். ஒரு சிறு குறிப்பு, ஒரு நூலைச் சாவினின்று மீட்டது.

அப் புறத்திரட்டைப் பதிப்பித்து அச்சேற்றியவர் ச. வையாபுரியார். தமிழின் தொன்மையைக் குறைத்துக் காட்டிய அவர்தம் காலக் கணிப்பைத் தனித்தமிழ் அறிஞர் கடுமையாக மறுத்துள்ளனர். மறுப்பு மறுப்பாகவே நிற்கட்டும். ஆனால், அவர் பதிப்பிலிருந்து பாட்டை எடுப்போர் அவர் பெயரை மறைத்தல் ஆகாது. கொள்கையால் மாறுபட்டாரின் உழைப்பையும் ஒப்புக்கொள்வதே ஆய்வறம். வேண்டியவர்க்கு மட்டும் கடன் தீர்ப்பவனை நேர்மையாளன் என எவரும் கூறார்.

மயிலை சீனி. வேங்கடசாமி, 1959-இல் வெளிவந்த 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்னும் தம் நூலில், யாப்பருங்கல விருத்தி முதலிய பழைய உரைகளைத் துருவி, இறந்துபட்ட நூல்களின் பெயர்களையும் எஞ்சிய பாட்டுகளையும் திரட்டித் தந்தார். தமிழ் இழந்த செல்வத்தின் கணக்கு அது. உரையாசிரியர் பெயர் சுட்டிய இடமெல்லாம் அவருக்கு வழி கிடைத்தது. சுட்டாத இடங்களில் பாட்டுகள் பெற்றோர் பெயர் அறியாத பிள்ளைகளாய் நிற்கின்றன.

பதிப்பு என்னும் சான்று

நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் எழுதினால் போதும் எனச் சிலர் எண்ணுகின்றனர். போதாது. பதிப்பும் ஆண்டும் இன்றியமையாதவை. இதனை இரண்டு எடுத்துக்காட்டுகளால் தெளியலாம்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்டார். அதனை விரித்துத் திருத்தி, 1875-இல் இரண்டாம் பதிப்பாகத் தாமே கொணர்ந்தார். அவர் மறைந்தபின் 1913-இல் வந்த மூன்றாம் பதிப்பிலோ, இரண்டாம் பதிப்பில் இருந்த பகுதிகள் பல நீக்கப்பட்டிருந்தன. "கால்டுவெல் கூறினார்" என்று மட்டும் எழுதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டாம் பதிப்பில் மட்டும் உள்ள கருத்தைப் பதிப்புச் சுட்டாமல் எழுதினால், மாற்றார் மூன்றாம் பதிப்பைத் திறந்து, "இவ்வாறு அவர் கூறவே இல்லை" என்பர். தவறு கால்டுவெல்லிடமும் இல்லை, மாற்றாரிடமும் இல்லை. ஆண்டை எழுதாத கையிடமே உள்ளது.

மற்றோர் எடுத்துக்காட்டு, தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாரே. வேதாசலம் என்னும் பெயரினராய் எழுதத் தொடங்கியவர், 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்து மறைமலை அடிகள் ஆனார். பெயரை மட்டுமா மாற்றினார்? தாம் முன்னர் எழுதிய நூல்களிற் கலந்திருந்த வடசொற்களைக் களைந்து, பிற்பதிப்புகளில் தூய தமிழ்ச்சொற்களை இட்டார். முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையின் முதற்பதிப்பையும் பின்னைப் பதிப்பையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு, தனித்தமிழ் உரைநடை எவ்வாறு உருப்பெற்றது என்பது கண்கூடாகும். இயக்கத்தின் வரலாற்றுக்கு இதனினும் சிறந்த சான்று வேறு இல்லை. ஆனால், பதிப்பைச் சுட்டாது மேற்கோள் காட்டுவார்க்கு அச் சான்று கைக்கெட்டாது. அன்றியும், நூற்பட்டியில் வேதாசலம் ஓரிடத்தும், மறைமலை அடிகள் வேறோரிடத்துமாகப் பிரிந்து நிற்பராயின், ஒருவரே இருவர் ஆகிவிடுவார். "வேதாசலம்: மறைமலை அடிகள் என்பது காண்க" என ஒரு வரி எழுதின் அக் குழப்பம் தீரும்.

தமிழர் பெயரும் மேலையர் முறையும்

மேலை நாட்டார் தத்தம் வேலைக்கேற்ப மேற்கோள் முறைகளை வகுத்துக்கொண்டனர். ஆர்வர்டுப் பல்கலைக்கழக விலங்கியல் அறிஞர் எட்வர்டு இலாரன்சு மார்க்கு, 1881-இல் தம் ஆய்வுரையில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பிறைக்கோட்டுள் இட்டுக் காட்டினார். சிகாகோப் பல்கலைக்கழக அச்சகம் 1906-இல் தன் நெறிநூலை வெளியிட்டது. அமெரிக்க உளநூற் கழகத்தாரின் முறை, 1929-இல் வெறும் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கிற்று. அவர்தம் ஒழுங்கு போற்றத்தக்கது. ஆனால், அவர்தம் பெயர்மரபு வேறு; தமிழர் பெயர்மரபு வேறு.

மேலையர் பெயரில் குடும்பப்பெயர் இறுதியில் நிற்கும். ஆதலின், இறுதிச்சொல்லை முன்னே கொணர்ந்து அகரவரிசைப்படுத்துகின்றனர். தமிழர்க்குக் குடும்பப்பெயர் ஏது? தந்தை பெயரின் முதலெழுத்தோ ஊர்ப்பெயரின் முதலெழுத்தோ முன்னெழுத்தாக நிற்க, இயற்பெயரே ஒருவரின் பெயராகும். ஞா. தேவநேயப் பாவாணர் என்பதில் 'ஞா' தந்தையார் ஞானமுத்துவைக் குறிக்கும். தேவநேயன் இயற்பெயர், பாவாணர் சிறப்புப்பெயர். மேலைமுறையை அப்படியே பின்பற்றினால், "பாவாணர்" என்பது குடும்பப்பெயர் ஆகிவிடும்! தாமோதரனாரும் சுந்தரனாரும் கனகசபையாரும் "பிள்ளை" என்னும் ஒரே குடும்பத்தார் ஆகிவிடுவர்! குலப்பெயரைப் பெயரின் வாலினின்று அறுத்தெறிய 1929-இல் செங்கற்பட்டில் தன்மதிப்பு இயக்க மாநாடு தீர்மானித்தது. அறுத்தெறிந்த வாலைத் துணைநூற்பட்டி தலையில் ஒட்டவைப்பது எத்துணை இழிவு!

இன்று மற்றுமோர் இழப்பும் நேர்கின்றது. அயல்நாட்டு ஆய்விதழ்களில் எழுதும் தமிழ் இளைஞர், படிவத்தின் கட்டாயத்தால் தந்தை பெயரை இறுதியில் எழுதுகின்றனர். அவர்தம் ஆய்வைப் பிறர் மேற்கோள் காட்டும்போது தந்தை பெயரே வெளிவருகின்றது. இரவு பகலாக உழைத்தவள் மகள். பெயர் பெறுவதோ ஒரு வரியும் எழுதாத தந்தை. இக் குறையை நூலகத் துறையினர் அறியாதவர் அல்லர். 1892-இல் சீர்காழியிற் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன், 1934-இல் வெளியிட்ட நூற்பட்டி நெறித்தொகுப்பில் இந்நாட்டுப் பெயர்களுக்கெனத் தனி நெறி வகுத்தார். தமிழில் நூற்பட்டி அமைப்போர் அவ்வாறே தமிழ்மரபைக் கைக்கொள்ளல் வேண்டும். இயற்பெயர் முதலில் வருக. முன்னெழுத்து அதன் பின்னே நிற்க. "தேவநேயப் பாவாணர், ஞா." என எழுதின் மரபும் பிழைக்கும், தேடுவோர்க்கும் எளிதாகும்.

ஆண்டும் அகரவரிசையும்

பழைய அச்சு நூல்கள் பலவற்றின் முகப்பில் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர்களுள் ஒன்று காணப்படும். "விரோதி" என்று மட்டும் இருப்பின் அது 1889-ஆ, 1949-ஆ? 2009-இலும் அதே பெயர் திரும்பிற்று. சுழலும் பெயர் வரலாற்றுக்கு உதவாது. தொடர்ந்து எண்ணப்படும் திருவள்ளுவர் ஆண்டே தமிழர்க்கு உரியது. கிறித்து ஆண்டோடு 31-ஐக் கூட்டினால் அது கிடைக்கும். தைத் திங்கள் முதல்நாளுக்கு முற்பட்ட சில நாள்களுக்கு மட்டும் 30-ஐக் கூட்டல் வேண்டும். பட்டியில் இரண்டு ஆண்டுகளையும் எழுதுதல் நன்று, அயலாரும் மயங்கார்.

அகரவரிசையிலும் விழிப்பு வேண்டும். தமிழ் நெடுங்கணக்கின்படி ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதே முறை. கணினியின் ஒருங்குகுறி அட்டவணையிலோ ற, ரகரத்தை அடுத்தும், ள, ழ ஆகியவை வகரத்திற்கு முன்னும், ன, நகரத்தை அடுத்தும் இடப்பட்டுள்ளன. அக் குறியெண் வரிசையை அப்படியே விட்டால் 'அழகு' முன்னும் 'அவை' பின்னும் வந்து நிற்கும். தமிழின்படி 'அவை'யே முன்னது. தமிழ் வரிசையைப் பின்பற்றுமாறு கணினியைப் பணிப்பது எழுதுவோன் கடமை.

இனி, பழம்பாட்டுகளைச் சுட்டும் முறை. திருக்குறளைப் பக்க எண்ணால் சுட்டுதல் வீண்; பதிப்புதோறும் பக்கம் மாறும். 1,330-க்குள் அமைந்த குறளெண்ணே போதும். புறநானூற்றுக்குப் பாட்டெண்ணும் அடியெண்ணும், சிலம்புக்குக் காதைப் பெயரும் அடியெண்ணும் எழுதுக. தொல்காப்பியத்திற்கோ நூற்பா எண் மட்டும் போதாது. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் நூற்பாக்களைப் பிரிக்கும் முறையில் வேறுபடுவதால், எவர் உரைப்படி அவ் எண் என்பதையும் குறித்தல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

தனித்தமிழ் எழுத்தாளர் தம்மைத் தாமே ஒருமுறை வினவிக்கொள்ளல் வேண்டும். பாவாணர் கண்ட வேர்ச்சொல் முடிபுகளைத் தம் முடிபுபோல் எழுதுவோர் இல்லையா? வடசொற்களுக்கு நேர் தமிழ்ச்சொற்களைத் திரட்டி அகரவரிசையாக்கிய நீலாம்பிகை அம்மையாரின் பெயரை, அச் சொற்களால் பயன்பெறுவோருள் எத்தனைபேர் சுட்டுகின்றனர்? சொல் உலகுக்கு உரியதாகலாம். உழைப்பு உழைத்தவர்க்கே உரியது.

ஆதலின், எழுதுவோர் ஒவ்வொருவரும் சில உறுதிகள் பூணுதல் வேண்டும். நூலைத் தாமே கண்டன்றி மேற்கோள் காட்டற்க. பிறர் வழியாக அறிந்ததாயின், இன்னார் எடுத்துக்காட்டியது என வெளிப்படக் கூறுக. ஆசிரியர், நூல், பதிப்பாசிரியர், பதிப்பு, ஊர், வெளியீட்டகம், ஆண்டு, பக்கம் என்னும் எட்டையும் குறிப்பெடுக்கும் அன்றே எழுதி வைக்க. பின்னர்த் தேடலாம் என விட்டது பின்னர்க் கிடைப்பதில்லை. 'மேலது', 'முன்னூல்' என்னும் தமிழ்க் குறிகளே போதியவாக இருக்க, இலத்தீன் குறுக்கங்களைக் கடன் வாங்கற்க.

பெயர் அறியாத ஒரு தொகுப்பாளர் ஓலையில் கீறிய நூற்பெயர், மூவேந்தர் புகழ்பாடும் வெண்பாக்களை இன்றளவும் காத்து நிற்கின்றது. இன்று எழுதப்பெறும் ஓர் அடிக்குறிப்பு நாளை எந்நூலைக் காக்கும் என்பதை எவர் அறிவார்? எடுத்த இடத்தைச் சுட்டுக. கொடுத்தவர் பெயரைக் கூறுக. சான்றோடு நிற்கும் தமிழை எவராலும் வீழ்த்த இயலாது.

வாழ்க தமிழ்! வெல்க தமிழாய்வு!