பீரோவை யார் வைத்தது?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பகுதியைத் தடுத்து, வீட்டுக்கு ஒரு சாமான் அறை கட்டலாம் என்ற யோசனை இன்று விவாதத்துக்கு வந்திருக்கிறது. அதை எதிர்த்துப் பேசத்தான் எழுந்தேன். முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன மாதம் பி பிளாக்கில் ஒரு பெரியவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினோம். நம் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது, உங்களுக்கே தெரியும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஓர் இரும்பு பீரோ வழியை மறித்தது. அவரைத் தரையில் வைத்துவிட்டு நான்கு பேர் அதை நகர்த்தினோம். ஐந்து நிமிடமாவது போயிருக்கும். நல்லவேளை, அவர் தேறி வீடு திரும்பிவிட்டார். "இதை இங்கே யார் வைத்தது?" என்று அன்று எல்லோரும் சத்தம் போட்டோம். நானும் போட்டேன். பீரோ என்னுடையது. எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும், மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிட்டார்.

அது என் அம்மாவின் பீரோ. அம்மா போன பிறகு மயிலாப்பூர் வாடகை வீட்டை ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டியிருந்தது. கட்டில், மெத்தை, தையல் மெஷின், கொலுப்படி, நான்கு எவர்சில்வர் அண்டா. எதையும் போட மனம் வரவில்லை. நகருக்கு வெளியே சாமான் வைக்க அறை வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாதம் 2,800 ரூபாய்க்கு ஓர் அறை எடுத்தேன். ஆறு மாதம் போதும் என்று நினைத்தேன். 26 மாதம் ஆயிற்று. 72,800 ரூபாய்! அந்தச் சாமான்களை அப்படியே விற்றிருந்தால் அதில் கால்வாசி வந்திருக்காது. இத்தனை மாதத்தில் நான் அங்கே போனது இரண்டே முறை.

கடைசியில் திறந்தபோது மெத்தை பூசணம் பிடித்திருந்தது. கொலுப்படியில் கரையான். தையல் மெஷினை நம் கேட் அருகே தைக்கும் அம்மா வாங்கிக்கொண்டார், இன்றும் ஓடுகிறது. நான் வீட்டுக்குள் கொண்டுவந்தது அஞ்சறைப்பெட்டி ஒன்றுதான். பீரோவுக்கு வீட்டில் இடமில்லை. அதனால்தான் படிக்கட்டு.

அமெரிக்காவில் இந்தத் தொழில் 1960களில் டெக்சாஸில் வளரத் தொடங்கியது. இன்று அங்கே இப்படிப்பட்ட கிடங்குகள் 50,000-க்கும் மேல். வாடகை நின்றால் உள்ளே இருப்பதை ஏலம் விட்டுவிடுவார்கள். சிகாகோவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மையர் எடுத்த புகைப்படங்களின் நெகட்டிவ்கள் 2007-ல் அப்படித்தான் ஏலத்தில் போயின. 2009-ல் அவர் இறந்தார். அதன் பிறகே உலகம் அவரைப் பெரிய புகைப்படக் கலைஞர் என்று கொண்டாடியது. நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும் ஏலம் பற்றி ஒரு வரி இருந்தது. காலி செய்யும் நாளில்தான் படித்தேன்.

வீடு மாறும்போதோ வெளியூர் போகும்போதோ மூன்று மாதத்துக்கு அறை எடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் திரும்ப எடுக்கும் தேதி தெரியும். எனக்குத் தெரியாது. நம் கீழ்த்தள அறைகளுக்கும் அந்தத் தேதி இருக்கப்போவதில்லை. போதாததற்கு, வண்டி நிறுத்த என்று அனுமதி வாங்கிய இடத்தை அறையாக்கினால் விதிமீறல் நோட்டீஸ் நம் சங்கத்தின் பெயருக்குத்தான் வரும். மெத்தையும் பழைய பேப்பரும் அடைத்த அறையில் தீப்பிடித்தால் மேலே இருக்கும் எல்லோரும் அந்தப் படிக்கட்டு வழியாகத்தான் இறங்கியாக வேண்டும்.

ஒரு சின்ன விஷயம்: பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைப் பரணில் வைத்திருப்பவர்கள், புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். போகிக்கு எரிக்கலாம் என்று டயரையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து வைக்காதீர்கள்.

பீரோவை வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரர் எடுத்துப் போய்விட்டார். வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு அவர் மறுபடி வருகிறார், சின்ன லாரியோடு. ஏ பிளாக் மொட்டைமாடிப் படியில் இரண்டு சைக்கிளும் ஒரு வாஷிங் மெஷினும் இருக்கின்றன. யாருடையவை என்று நான் கேட்கப்போவதில்லை. இறக்க ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள்.