பளுத்தூக்கலும் நெஞ்சத் துடிப்பின் மீட்சியும்

(நம் சங்க மண்டபத்தில் மாதக் கூட்டத்தின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதன் ஒருவன் நெஞ்சத் துடிப்பைப் பற்றிப் பேச எழுந்தமை கண்டு உங்களுட் சிலர் நகைத்தல் கூடும். எழுத்தும் சொல்லும் கற்பித்தலே எம் தொழில். எனினும் சென்ற திங்கள் நம் சங்கத்துப் பயிற்சிக்கூடத்தில் நிகழ்ந்ததொன்று எம்மை நூலகத்திற்கும் மருத்துவ நண்பரில்லங்கட்கும் பலகால் நடக்கச் செய்தது. அங்ஙனம் கற்றவற்றைப் பள்ளிப் பிள்ளைகட்குச் சொல்லுமாப்போல ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம்.

நிகழ்ந்தது இது. பத்தொன்பது வயதுடைய நம் இளைஞன் ஒருவன் பளுக்கம்பியைத் தோளில் ஏற்றிப் பன்முறை உட்கார்ந்தெழுந்தான். இனி ஒருமுறையும் இயலாது என்னுமளவும் செய்தபின் கம்பியைத் தாங்கியில் வைத்து அசையாது நின்றான். நின்றவன் கண்ணிருண்டு வீழ்ந்தான். ஒரு நிமிடத்திற்குள் தானே எழுந்து தண்ணீர் கேட்டான். மருத்துவர் நெஞ்சின் மின்வரைபடமும் ஒலியலைச் சோதனையும் எடுத்துப் பார்த்துக் குற்றம் ஒன்றுமில்லை என்றனர். ஆயினும் அவன் அன்னையாரின் நடுக்கம் இன்னும் தீர்ந்திலது. மூத்தோர் பதினொருவர் கையெழுத்திட்டு, அக்கூடத்தைப் பூட்டிவிடுக என்று செயற்குழுவிற்கு விண்ணப்பம் தந்துள்ளனர். எம்மிடமும் அத்தாள் வந்தது. யாம் கையெழுத்திட்டிலோம். அதன் காரணத்தைக் கூறுதற்கே இன்று நிற்கின்றோம்.

நெஞ்சம் பிறர் ஏவாமல் தானே துடிக்கும் உறுப்பு. அதன் வலப்புற மேலறையிலுள்ள சிறு கணுவொன்று துடிப்பைப் பிறப்பிக்கின்றது. நரம்புகளின் தொடர்பை மருந்தினால் முற்றும் தடுத்துவிட்டால், இளைஞர் ஒருவரது நெஞ்சு நிமிடத்திற்கு 100 முறையும் அதற்குச் சற்று மேலும் துடிக்கும். ஆனால் அமைதியாய் அமர்ந்திருப்பவர் மணிக்கட்டில் கைவைத்து எண்ணிப் பாருங்கள், 70 அளவே காண்பீர்கள். எஞ்சிய முப்பதைத் தடுத்தாள்வது யாது? மூளையின் அடியினின்று புறப்பட்டுக் கழுத்துவழி இறங்கி நெஞ்சு, நுரையீரல், இரைப்பை எனப் பலவிடத்தும் திரியும் நரம்பொன்று உண்டு. அங்ஙனம் திரிதலின், அலைவது எனப் பொருள்படும் வேகசு என்னும் இலத்தீன் பெயரை அதற்கு இட்டனர். இந்நரம்பு நெஞ்சிற்கு மூக்கணாங்கயிறு. தண்டுவடத்தினின்று வரும் பரிவு நரம்புகளோ தாற்றுக்கோல். வண்டிக்காரன் கயிற்றை இழுத்துப் பிடித்தலும் நெகிழ்த்தலும் கோலால் தொடுதலுமாகக் காளையை ஓட்டுதல்போல, மூளையின் அடிப்பகுதி இவ்விரண்டாலும் நெஞ்சை ஆள்கின்றது.

வேகசு நரம்பைத் தூண்டினால் நெஞ்சு நின்றுவிடும் என்பதை 1845இல் செருமானிய உடன்பிறந்தார் இருவர், வெபர் என்னும் குடிப்பெயரினர், காட்டினர். நரம்பு நெஞ்சோடு எம்மொழியிற் பேசுகின்றது என்பது அதன்பின்னும் நெடுங்காலம் விளங்கவில்லை. அதனை விளக்கியவர் ஆஸ்திரிய நாட்டுக் கிராசு நகரத்து ஆசிரியர் ஆட்டோ லோவி. சோதனை செய்யும் வகை தமக்குக் கனவில் தோன்றியதென்றும், முதலிரவு எழுதிவைத்தது விடிந்தபின் தமக்கே படிக்க இயலாததாயிற்றென்றும், மறுநாளிரவு மீண்டும் அதே கனவு வர எழுந்து நேரே சோதனைச் சாலைக்கு ஓடினார் என்றும் அவரே பின்னர்ச் சொன்னார். தம் கையெழுத்தைத் தாமே படிக்கமாட்டாத மாணாக்கர் பலரை எமக்குத் தெரியும். ஆனால் அவர்கட்கு மறுகனவு வருவதில்லை! லோவி தவளை நெஞ்சு இரண்டை எடுத்தார். ஒன்றன் வேகசு நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெலிவித்து, அதனைச் சூழ்ந்திருந்த உப்புநீரை மற்றொன்றிற் பெய்தார். நரம்பேயில்லாத அம்மற்றொரு நெஞ்சும் மெலியலாயிற்று. நரம்பின் நுனியிற் சுரக்கும் ஒரு பொருளே தூது செல்கின்றதென்பது 1921இல் இங்ஙனம் வெளியாயிற்று. அப்பொருள் அசிட்டைல்கோலின் எனப்படுவது. 1936இல் அவருக்கும் ஆங்கிலேயராகிய ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இனிப் பளுவிற்கு வருவோம். கம்பியைப் பற்றித் தூக்கத் தொடங்கிய அக்கணமே மூளை மூக்கணாங்கயிற்றை நெகிழ்த்துவிடுகின்றது, துடிப்பு எகிறுகின்றது. பின் தாற்றுக்கோல் வேலை செய்கின்றது. இறுகிய தசை தன்னுள் ஓடும் குருதிக்குழாய்களை நெரிக்கின்றது. மூச்சை அடக்கி முக்குவதால் மார்பினுள் அழுத்தம் ஏறுகின்றது. இவையெல்லாம் கூடுமிடத்துக் குருதியழுத்தம் எங்குச் செல்லும்? 1985இல் கனடா நாட்டில் மெக்டூகல் என்பாரும் துணைவரும் தேர்ந்த உடற்கட்டு வீரர் ஐவரின் கைத்தமனியிற் குழாய் செலுத்தி அளந்தனர். இருகாலாலும் பளுவை உந்துங்கால் சராசரி 320க்கு 250 ஆயிற்று. ஒருவர்க்கு 480க்கு 350ஐயும் கடந்தது. நமக்கு இயல்பு 120க்கு 80 என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

பளுவைக் கீழே வைத்தவுடன் நிகழ்வதே நம் இளைஞனை வீழ்த்தியது என்று மருத்துவ நண்பர் எமக்கு விளக்கினார். நெரிபட்டிருந்த குழாய்கள் ஒருங்கே திறந்துகொள்கின்றன. அடக்கிய மூச்சு விடுபடுகின்றது. குருதி தொடைகளிற் பாய்ந்து தேங்குகின்றது. அழுத்தம் சில நொடிகளுள் வீழ்கின்றது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உளவறிந்து மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள் உண்டு. கடும்பளுவின் பின்னர் இவ்வொற்றர் சிறிது மழுங்கியிருப்பர். நடந்துகொண்டிருந்தால் காலின் தசைகளே குருதியை மேலே பிழிந்து அனுப்பும். அசையாது நின்றமையால் அவ்வுதவியும் இல்லாதொழிந்தது. நெஞ்சம் பழுதுபட்டு வீழ்ந்தான் அல்லன். கயிறும் கோலும் வண்டிக்காரன் கைக்கு மீளாத இடைவேளையில் வீழ்ந்தான்.

அம்மீட்சி எவ்வளவு காலத்தில் நிகழ்கின்றது? முயற்சி நின்ற முதல் நிமிடத்தில் துடிப்பு விரைந்து இறங்குவது பெரும்பாலும் வேகசு நரம்பு திரும்பி வருவதனாலாம். பிந்திய நிமிடங்களின் மெல்லிய இறக்கம், பரிவு நரம்பின் எழுச்சி தணிவதாலும் குருதியிற் கலந்த அட்ரினலின் கழிவதாலும் ஆவது. அமெரிக்கத்துக் கிளீவ்லாந்து நகர மருத்துவர் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஓடுபட்டையில் நடந்தோருள் முதல் நிமிடத்தில் 12 துடிப்பும் அதற்குக் குறைவுமாக இறங்கியவர்க்குப் பின்னாண்டுகளில் இறப்பு மிகுதியாயிருந்தது. இது நடைச் சோதனைக்கு வகுத்த அளவு. பளுத் தூக்கிய பையனின் கையைப் பிடித்து எண்ணி, பன்னிரண்டுதான் இறங்கிற்று என்று வீட்டார் அலறுதல் வேண்டா.

எண்ணிக்கை இயல்புக்கு வந்தாலும் கயிறு முழுதும் கைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாகாது. இதனை அறியும் வழி நுட்பமானது. இலக்கணநூலார் மாத்திரைக்குக் கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவாகக் கொண்டனர். மருத்துவரோ நொடியை ஆயிரம் கூறிட்டுத் துடிப்பிற்கும் துடிப்பிற்கும் இடைப்பட்ட காலத்தை அளக்கின்றனர். நலமுள்ள நெஞ்சு கடிகாரம்போல் ஒரே சீராய் அடிப்பதன்று. மூச்சை உள்ளிழுக்குங்கால் சற்று விரைந்தும் விடுங்கால் சற்றுத் தாழ்ந்தும் அடிக்கும். வேகசு நரம்பின் ஆட்சியே இவ்வேறுபாட்டைத் தருவது. பளுத்தூக்கிய பின்னர் இவ்வேறுபாடு குறைந்துவிடுகின்றது. ஒத்த உழைப்புள்ள ஓட்டத்தின் பின்னரிலும் மிகுதியாகக் குறைகின்றது. தசையிற் சேர்ந்த கழிபொருள்கள் அங்குள்ள நரம்புகளை உறுத்திக்கொண்டே இருத்தல் ஒரு காரணம். இலேசான பயிற்சியாயின் அரைமணியில் பெரிதும் மீளும். கடும்பயிற்சியாயின் ஒரு மணிக்கு மேலும், சில வேளை பல மணிநேரமும் செல்லும். இனி இயலாது என்னும் எல்லைவரை சென்றவர்க்கு ஓரிரவு உறக்கமும் மறுநாள் ஓய்வும் வேண்டியிருக்கலாம்.

இவற்றுள் எமக்கு மிகவும் பயன்பட்ட செய்தி ஒன்றுண்டு. அதே பளுவை, அதே எண்ணிக்கையில், இடையிடையே சிறு ஓய்வு விட்டுத் தூக்கினால் வேகசு ஆட்சி இழப்பது குறைவு என்று ஆய்ந்தோர் கண்டுள்ளனர். ஆகவே தீங்கு விளைப்பது பளு மட்டுமன்று, தொடர்ந்து மூச்சுமுட்டச் செய்யும் முறையுமாம். விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட பெரியோரின் பாட்டனார் சிலர் தென்பாண்டிச் சிற்றூர்களில் இளவட்டக்கல் தூக்கியவரே. அவர்கள் அக்கல்லை ஒருமுறை தோளேற்றிப் பின்னே எறிந்துவிட்டு ஊராரோடு பேசிக்கொண்டு உலாவினர். ஒரு மூச்சில் பன்னிருமுறை தூக்கினாரல்லர். வேலூர்ச் சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் பொதுநலவாய விளையாட்டிற் பொன் வென்றதும் ஒவ்வொரு தூக்குக்கும் இடையே ஓய்வுள்ள போட்டியிலேயே.

மறைக்காது ஒன்று சொல்லவேண்டும். பளு மட்டும் தூக்குவதால் நலமுள்ள இளைஞர்க்கு வேகசு ஆட்சி பெரிதும் வளர்கின்றது என்பதற்குச் சான்று மெலிது. அவ்வளர்ச்சியை மிகுதியும் தருவது நடையும் ஓட்டமும் நீந்தலும். பளு தருவது தசையும் எலும்பும், நாளடைவிற் குருதியழுத்தத்திற் சிறு தணிவும். ஆதலின் இரண்டும் வேண்டும். முயற்சிக்குப்பின் நின்றபோது மயங்குவது ஒன்று, முயற்சியின் நடுவே மயங்குவது வேறொன்று. பின்னதையும், மார்புவலியையும், குடும்பத்தில் இளமையிலேயே திடீர் மரணம் நேர்ந்த வரலாற்றையும் எளிதாய் எண்ணாது மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும். எம்போல் நாற்பது கடந்தோர் குருதியழுத்தம் பாராமல் கம்பியைத் தொடலாகாது. யாம் பார்த்தோம், சிறிது மிகுந்திருந்தது, இப்பொழுது காலையில் நடக்கின்றோம்.

செயற்குழுவின் முன் யாம் வைப்பது இவ்வளவே. கூடத்தில் நீண்ட பலகையொன்றும் சுவர்க்கடிகாரம் ஒன்றும் வைக்கவேண்டும். தனியே எவரும் தூக்கலாகாது. மூச்சை அடக்காது விட்டு விட்டுத் தூக்கவேண்டும். கம்பியை வைத்தபின் நில்லாது ஐந்து நிமிடம் நடக்கவேண்டும். கண் இருண்டால் உடனே படுத்துக் கால்களை உயர்த்தவேண்டும். கடும்பயிற்சிக்கு மறுநாள் அதே தசைக்கு ஓய்வு. மாலை ஆறு முதல் ஏழரை வரை யாமே வந்து அமர்ந்து எண்ணிக்கை பார்க்க இசைகின்றோம். அவ்விளைஞனின் அன்னையார் இக்கூட்டத்திற்கு வந்திருக்கின்றார்கள். அவர்களும் முதல் வாரம் எம்முடன் வந்து அமர்ந்து பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். கூடத்தின் சாவி இப்பொழுது பொருளாளரிடம் உள்ளது. வரும் ஞாயிறன்று குழு கூடுகின்றது.