பட்டம் வேறு, உரிமம் வேறு

(விருதுநகரில் சமுதாய இளைஞர்களுக்கும் வணிகர்களுக்கும் நடைபெற்ற கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கூட்டம் தொடங்கும் முன் உங்களிடம் துண்டுச் சீட்டுகளைக் கொடுத்துக் கேள்விகளை எழுதித் தரச் சொன்னோம். வந்த சீட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "பிள்ளையை வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைக்கிறோம். இங்கே வேலை கிடைக்காவிட்டாலும் துபாயிலோ லண்டனிலோ கிடைத்துவிடும் அல்லவா?"

கிடைக்கும். ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் கிடைக்காது. அந்த வழியைத்தான் இன்று கொஞ்சம் விரிவாகப் பேசப் போகிறேன்.

சிவகாசிக்காரர்களும் சாத்தூர்க்காரர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். ஒருவர் அருமையாகப் பட்டாசு செய்வார். மருந்துக் கலவை தெரியும், திரி சுற்றத் தெரியும், பெட்டி போடத் தெரியும். அதற்காக அவர் ஆலை வைத்துவிட முடியுமா? நாக்பூர் லைசென்ஸா, சென்னை லைசென்ஸா, டி.ஆர்.ஓ. லைசென்ஸா என்றுதானே முதலில் கேட்கிறோம்? தொழில் தெரிவது வேறு, தொழில் செய்ய உரிமம் பெறுவது வேறு. மருத்துவமும் அப்படித்தான். பல்கலைக்கழகம் கொடுப்பது பட்டம். நோயாளியைத் தொட உரிமம் கொடுப்பது அந்தந்த நாட்டின் மருத்துவக் கவுன்சில். நாடு மாறினால் உரிமமும் மாறும். தமிழ்நாட்டில் கொடுத்த டிரைவிங் லைசென்ஸைக் காட்டி டில்லியில் வண்டி ஓட்டலாம். தாஷ்கண்டில் வாங்கிய மருத்துவப் பட்டத்தைக் காட்டி அருப்புக்கோட்டையில் கிளினிக் திறக்க முடியாது.

ஏன் நம் பிள்ளைகள் வெளியே போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நீட் தேர்வில் தகுதி பெற்றும் அரசு இடம் கிடைக்காதவர்கள் ஏராளம். தனியார் கல்லூரிக் கட்டணம் கடை வைத்திருப்பவனையே கடையை விற்க வைக்கிற கட்டணம். அதைவிடக் குறைவான செலவில் ரஷ்யாவிலும் ஜார்ஜியாவிலும் பிலிப்பைன்ஸிலும் படிக்கலாம் என்று ஏஜெண்டு சொல்கிறார். போகிறார்கள். போவதில் தவறில்லை. ஆனால் போகும் முன் 2007-இல் போராடிப் பெற்ற மூன்றரை சதவீத இடஒதுக்கீட்டில் நம் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்று கடைசிக் கலந்தாய்வுச் சுற்று வரை காத்திருந்து பார்த்தோமா? ஏஜெண்டு அவசரப்படுத்துகிறார் என்பதற்காக முதல் சுற்று முடியும் முன்பே பாஸ்போர்ட்டைத் தூக்கிக் கொடுத்தவர்கள் உண்டு.

சரி, போவது என்று முடிவாகிவிட்டது. என்ன பார்க்க வேண்டும்?

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18-இல் ஒரு விதிமுறை வெளியிட்டது. அதற்குப் பின் வெளிநாட்டில் சேர்ந்தவர்கள் அனைவரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதன்பின் அதே வெளிநாட்டுக் கல்வி நிறுவனத்தில் 12 மாதம் உள்ளுறைப் பயிற்சி. முழுப் படிப்பும் ஒரே நிறுவனத்தில் முடிய வேண்டும். "முதலில் இந்தக் கல்லூரியில் சேருங்கள், இரண்டு வருடம் கழித்து வேறு நாட்டுக்கு மாற்றித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் பயிற்சி உட்பட எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. ஏஜெண்டுகள் அதைச் சொல்வதே இல்லை. எந்த நாட்டில் படித்தீர்களோ அந்த நாட்டில், அந்த நாட்டுக் குடிமகனுக்குச் சமமாக மருத்துவம் பார்க்க உங்களுக்கு உரிமம் கிடைக்கத் தகுதி இருக்க வேண்டும். நன்றாகக் கவனியுங்கள். "எங்கள் நாட்டில் படிக்கலாம், ஆனால் எங்கள் நாட்டில் டாக்டராக வேலை பார்க்க உனக்கு உரிமை இல்லை" என்று சொல்கிற நாட்டில் படித்தால், இந்தியாவும் அந்தப் பட்டத்தை ஏற்காது. பிலிப்பைன்ஸ் விஷயத்திலும் சிக்கல் எழுந்தது. அங்கே மருத்துவப் படிப்புக்கு முன்பாக பி.எஸ். என்று ஒரு படிப்பு இருக்கிறது. அதை மருத்துவப் படிப்பாகக் கணக்கில் எடுக்க முடியாது என்று 2022-இல் ஆணையம் சொல்லிவிட்டது. ஃபீஸ் கட்டியபின் அதைப் படித்த அத்தாக்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். விதி எழுதியவர்களையும் நான் முழுக்க மெச்ச மாட்டேன். இத்தனை பிள்ளைகள் வெளியே போவது தெரிந்தும் எளிய தமிழில் ஒரு துண்டறிக்கை கூடப் பள்ளிக்கூடங்களுக்கு வந்ததாக நான் பார்த்ததில்லை.

இனி, படித்து முடித்துத் திரும்பி வந்தவர்களின் கதை.

2002 முதல் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கு ஒரு தகுதித் தேர்வு நடக்கிறது. எஃப்.எம்.ஜி.இ. என்பார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, பெரும்பாலும் ஜூனிலும் டிசம்பரிலும். 300 கேள்விகள், 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? ஆனால் பல தேர்வுகளில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறியிருக்கிறார்கள். 2025 ஜூன் தேர்வில் தேர்ச்சி 19 சதவீதத்தைக் கூடத் தொடவில்லை.

தோற்றவர்கள் எல்லாம் மக்குகள் அல்லர். அங்கே வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது, வார்டில் படுத்திருக்கும் நோயாளி ரஷ்ய மொழி பேசுகிறார். மொழி தெரியாத மாணவன் நோயாளியிடம் போகாமலேயே ஆறு வருடத்தைக் கழித்துவிடுகிறான். அங்கே பாம்புக்கடியும் டெங்கும் அவன் கண்ணில் படுவது அரிது. இங்கே தேர்வில் அவைதாம் கேள்வியாக வருகின்றன. எனவே போகிற பிள்ளைகளே, முதல் வருடமே அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். சமையலுக்கு ஆள் தேடுவதற்கு முன் மொழி வாத்தியாரைத் தேடுங்கள். நம் நாட்டுப் பாடநூல்களை மூன்றாம் வருடத்திலிருந்தே கூடவே படியுங்கள். 2019 சட்டப்படி 'நெக்ஸ்ட்' என்ற பொதுத் தேர்வு வர வேண்டும். அது நடைமுறைக்கு வராதவரை இந்த எஃப்.எம்.ஜி.இ.தான் வாசல்.

தேர்ச்சிக்குப் பின் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு. பிறகு இங்கே மீண்டும் 12 மாத உள்ளுறைப் பயிற்சி. அதற்கும் இடம் எண்ணித்தான் இருக்கிறது. ஒரு கல்லூரியின் மொத்த இடங்களில் ஏழரை சதவீதம் வரை கூடுதலாக வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குத் தரலாம் என்று 2022-இல் வரம்பு வகுத்தார்கள். நம் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-இல் திறக்கப்பட்டது, ஆண்டுக்கு 150 இடங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினொரு பேர்!

வியாபாரிகளுக்காக ஒரு கணக்கு. பதினெட்டு வயதில் போகிற பிள்ளை பயிற்சியோடு ஆறு வருடம் முடித்து இருபத்து நான்கில் வருகிறான். தேர்வுக்கு ஒரு வருடம். அது அதிர்ஷ்டசாலிக்கு. இங்கே பயிற்சி ஒரு வருடம். இருபத்தாறு வயதில்தான் சுயமாகக் கையெழுத்துப் போடும் டாக்டர். எட்டு வருடம் முதல் முடங்கிக் கிடக்கும். நடுவில் போர் வரலாம், கொள்ளை நோய் வரலாம். 2020-இல் சீனா கதவை மூடியது. 2022 ஆகஸ்டு வரை நம் மாணவர்கள் வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் மருத்துவம் படித்தார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் குண்டு விழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழக மாணவர்கள் பாதிப் படிப்போடு திரும்பினார்கள். இணைய வழியில் இறுதியாண்டை முடித்தவர்களுக்கு, ஒரு வருடப் பயிற்சி போதாது, இரண்டு வருடம் என்றார்கள். விருதுநகர் மார்க்கெட்டில் சாம்பிள் பார்க்காமல் ஒரு மூட்டை மல்லி எடுக்க மாட்டோம். முப்பது லட்சத்தை மட்டும் வண்ணப் புத்தகத்தைப் பார்த்துக் கொடுக்கலாமா?

இனி துபாய்க்கு வருவோம். "இந்தியத் தேர்வில் தேறாவிட்டாலும் வளைகுடாவில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு நம் ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை நம்பாதீர்கள். துபாய்க்கு ஒரு சுகாதார ஆணையம், அபுதாபிக்கு ஒன்று, மற்ற அமீரகங்களுக்கு அமைச்சகம், சவூதிக்குத் தனி ஆணையம். எங்கே போனாலும் முதல் கேள்வி, "நீ எந்த நாட்டில் பதிவு பெற்ற மருத்துவர்? அங்கிருந்து நன்னடத்தைச் சான்று எங்கே?" என்பதுதான். உள்ளுறைப் பயிற்சிக்குப் பிறகு அனுபவமும் கேட்பார்கள். உங்கள் சான்றிதழ்களை 'டேட்டாஃப்ளோ' என்ற நிறுவனம் நேரடியாக உங்கள் பல்கலைக்கழகத்துக்கே எழுதிச் சரிபார்க்கும். அனுபவச் சான்றை யாரிடமாவது எழுதி வாங்கிப் போட்டால் அங்கே பிடிபடும். ஒருமுறை பொய் என்று பதிவானால் அந்த வாசல் அதோடு அடைபடும். அதன் பிறகே கணினித் தேர்வு. இங்கே முறையாகப் பதிவு பெற்று இரண்டு வருடம் ஏதாவதொரு நல்ல மருத்துவமனையில் உழைத்தவனுக்கு இவை எதுவும் மலை அல்ல.

பிரிட்டன் வேறு மாதிரி. அங்கே போக இந்தியப் பதிவு கட்டாயம் இல்லை. ஒப்புக்கொள்ளப்பட்ட கல்லூரிப் பட்டம், உள்ளுறைப் பயிற்சி, ஆங்கிலத் தேர்வு, பிறகு 'பிளாப்' இரண்டு கட்டம். முதல் கட்டம் சென்னையிலேயே எழுதலாம். இரண்டாவது மான்செஸ்டரில் மட்டும்தான். அதன் கட்டணம் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பவுன், விமானச் செலவு தனி. தேறியபின் அவர்கள் மருத்துவக் கவுன்சிலில் பதிவு, அதன்பின் வேலை தேடுதல், வேலை கொடுக்கும் மருத்துவமனை ஸ்பான்சர் செய்தால் விசா.

இந்த வரிசையில் மக்கள் தடுக்கி விழும் இடம் எது தெரியுமா? தேர்வுக்கும் வேலைக்கும் நடுவே உள்ள பள்ளம். ஒரு காலத்தில் அங்கே நம் டாக்டர்களுக்கு அவ்வளவு வரவேற்பு. வேல்ஸ் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் ஆங்கிலேய மருத்துவர் போகத் தயங்கிய ஊர்களில் எல்லாம் இந்தியத் துணைக்கண்டத்து மருத்துவர்கள்தாம் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தார்கள். 1975-இல் இந்தியப் பட்டங்களுக்கான தானான அங்கீகாரம் போனது. 2006 ஏப்ரலில், பயிற்சி வேலைக்கு அனுமதி தேவையில்லை என்றிருந்த சலுகையையும் முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்துவிட்டார்கள். தேர்வில் தேறி, கடன் வாங்கி, லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில் பலராகத் தங்கி விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த டாக்டர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஆனால் அவர்கள் அழுதுகொண்டு திரும்பிவிடவில்லை. இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2008 ஏப்ரலில் பிரபுக்கள் சபை நீதிமன்றம் அந்த மருத்துவர்களை ஓரம்கட்டிய அரசு வழிகாட்டுதல் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. சங்கமாகச் சேர்ந்து நின்றதால் கிடைத்த வெற்றி அது.

பின்னர் பற்றாக்குறை வந்தது, கதவு மறுபடி திறந்தது, ஆயிரக்கணக்கில் போனார்கள். இப்போது மீண்டும் நெருக்கடி. 2025 ஜூலையில் அந்நாட்டு அரசு வெளியிட்ட பத்தாண்டுத் திட்டம், சிறப்புப் பயிற்சி இடங்களில் உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்று சொல்லிவிட்டது. ஆகவே பிளாப் தேறிய கையோடு வேலை என்று கனவு காணாதீர்கள். இங்கே ஒரு வேலையில் இருந்துகொண்டே அங்கே முயலுங்கள். வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறாதீர்கள்.

ஏஜெண்டுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. பிரிட்டன் சட்டப்படி, வேலை வாங்கித் தருவதற்காக ஒரு நிறுவனம் மருத்துவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கேட்டால் அது மோசடி என்று புரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே வாங்கலாம். தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. மருத்துவர்களையும் செவிலியர்களையும் வளைகுடாவுக்கு அனுப்புகிறது. நம்மில் எத்தனை பேர் அங்கே பெயரைப் பதிந்திருக்கிறோம்?

இன்னொரு சீட்டில் ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "மகள் எஃப்.எம்.ஜி.இ. தேறிவிட்டாள். வெளிநாடு அனுப்ப மனமில்லை. இங்கே எதிர்காலம் உண்டா?" அம்மா, தாராளமாக உண்டு. நீட் முதுநிலைத் தேர்வு அவருக்கும் திறந்தே இருக்கிறது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து நாற்பதை ஒட்டிய உயிர்கள் போயின. வெந்த உடம்போடு பலரை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அதன்பிறகும் சாத்தூர் பக்கமும் சிவகாசி பக்கமும் வெடித்துக்கொண்டேதான் இருக்கிறது. தீக்காயத்துக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த டாக்டர், தோல் ஒட்டுச் சிகிச்சை தெரிந்த டாக்டர், தீயணைந்தபின் பயந்து தூங்காமல் கிடக்கும் பெண்களுக்கு மனநல மருத்துவர் எல்லோரும் இந்த மாவட்டத்துக்கு வேண்டும். அறுவைச் சிகிச்சைப் பிரிவை எடுக்கச் சொல்லுங்கள். பெண்பிள்ளைக்கு அது கடினம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் பின்வரிசை மேசையில் நம் மருத்துவ சகோதரர்கள் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் வாங்கியவர்கள், இன்னும் பணம் கட்டாதவர்கள் முதலில் வாருங்கள். அந்தக் கல்லூரி, அந்த நாட்டு விதி, தூதரக எச்சரிக்கை எல்லாவற்றையும் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் எதிரிலேயே பார்த்துச் சொல்வார்கள். நகல் மட்டும் கொடுங்கள். அசல் மதிப்பெண் பட்டியலை எங்களிடமும் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே ஏஜெண்டிடம் கொடுத்திருந்தால் நாளைக் காலையிலேயே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள்.