ஊசலாடும் டர்பைன்: பிழை எங்கே?

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் தொழிற்கல்வி மாணவர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்

ஸ்ரீராம்புரம் பஞ்சாலைத் தொழிலாளரின் உழைப்பைச் சார்ந்து வளர்ந்த பகுதி. தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழும் இடம். நூற்பு இயந்திரத்தின் வேகம் சீராக இராவிடில் என்ன நேரும் என்பதை ஆலையில் வேலை பார்த்த எவருக்கும் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. வேகம் திடீரென ஏறினால் நூல் அறும். இறங்கினால் உற்பத்தி விழும். நீராவி இயந்திரங்கள் ஆலைகளை ஓட்டிய காலத்தில், வேகத்தைச் சீராக வைக்க கவர்னர் எனப்படும் சீராக்கி தேவைப்பட்டதற்கு இதுவே காரணம்.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட் 1788இல் தம் நீராவி இயந்திரத்தில் சுழலும் இரு குண்டுகளைக் கொண்ட கவர்னரைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் சுருங்கி நீராவியைக் கூட்டும். ஆயினும் சில இயந்திரங்கள் இதனால் அமைதியடையாமல், முன்னிலும் மோசமாக ஏறியும் இறங்கியும் ஓடின. இந்தப் புதிருக்குக் கணித வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். திருத்தும் கருவி தவறான தருணத்தில் திருத்தினால், அலைவு அடங்குவதற்குப் பதிலாக வளரவும் கூடும் என்பதை 1868இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் நிறுவினார். இன்றைய வாயு டர்பைனில் குண்டுகள் இல்லை, கணிப்பொறி இருக்கிறது. நோய் மட்டும் அதே நோய்தான்.

பெங்களூரில் இப்பொருள் இன்று புத்தகப் பாடமாக மட்டும் நிற்கவில்லை. சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியின் மின்சாரம் 1902இல் கோலார் தங்கவயலுக்கும் 1905இல் பெங்களூருக்கும் வந்தது. நூறாண்டுக்கு மேலாக நீரையும் பின்னர் நிலக்கரியையும் நம்பியிருந்த இந்நகரின் வட எல்லையில், எலகங்காவில், இயற்கை எரிவாயுவால் இயங்கும் 370 மெகாவாட் நிலையம் 2024இல் தொடக்கி வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் வழுதூர், குத்தாலம், திருமாகோட்டை ஆகிய இடங்களில் எரிவாயு டர்பைன்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்டன. இவற்றில் வேலைக்குச் செல்லும் இளம் பொறியாளரும் தொழில்நுட்பவியலாளரும் என்றேனும் ஒருநாள் இந்த ஊசலாட்டத்தைச் சந்தித்தே தீருவர்.

சமிக்ஞை செல்லும் வழி

வாயு டர்பைனில் அமுக்கப்பட்ட காற்றில் எரிபொருள் எரிகிறது. வெப்பவாயு இதழ்களைத் தள்ளிச் சுழற்றுகிறது. எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவி இடைவிடாது கணக்கிடுகிறது. வேகத்தைக் கொண்டு ஒரு கணக்கு, வெளியேறும் வாயுவின் வெப்பநிலையைக் கொண்டு ஒரு கணக்கு, தொடங்கும்போது வேகம் ஏறும் விதத்தைக் கொண்டு ஒரு கணக்கு என்று பல கணக்குகள் ஒரே சமயத்தில் நடக்கும். அவற்றுள் எது மிகக் குறைந்த எரிபொருளைக் கேட்கிறதோ அதுவே ஆணையாகும். அந்த ஆணை சில மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக செர்வோ வால்வுக்குச் செல்கிறது. செர்வோ வால்வு எண்ணெய் அழுத்தத்தைத் திருப்பி எரிவாயு வால்வை நகர்த்துகிறது. வால்வு எந்த நிலையில் நிற்கிறது என்பதை உணர்கருவி அளந்து திருப்பி அனுப்புகிறது. இந்த வட்டத்தின் எந்தக் கண்ணியிலும் கோளாறு நேரலாம். ஆனால் அது திரையில் தெரிவது எரிபொருள் ஆணையின் ஏற்ற இறக்கமாக. ஆகவே ஆணையே குற்றவாளி என்று எண்ணிவிடுகிறார்கள்.

80 மெகாவாட்டில் ஓடும் ஒரு டர்பைன், நான்கு விநாடிக்கு ஒருமுறை 76க்கும் 84க்கும் இடையே ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கட்டுப்பாட்டு அறையில் எழும் முதல் யோசனை பெரும்பாலும் ‘கெயினைக் குறைத்துப் பார்க்கலாம்’ என்பதுதான். கெயின் என்பது பிழைக்கு ஏற்ப எவ்வளவு வேகமாகத் திருத்துவது என்பதைக் குறிக்கும் எண். விசைப்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஆள் வெயிலில் இறங்க வேண்டியதில்லை. அந்த எளிமையே அதன் ஆபத்து. நேற்று வரை பல ஆண்டுகள் அதே எண்ணுடன் அமைதியாக ஓடிய இயந்திரம் இன்று ஆடுகிறது என்றால், மாறியது எண் அன்று. வேறு ஏதோ மாறியிருக்கிறது.

முதலில் யார் அசைந்தது?

இயந்திரம் உண்மையிலேயே ஆடுகிறதா என்பதுதான் முதற்கேள்வி. மெகாவாட் காட்டி ஆடும்போது அதனோடு தொடர்பில்லாத மற்றொரு மீட்டர், வெளியேறும் வாயுவின் வெப்பநிலை, வால்வின் மேலுள்ள குறிமுள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அவை அசையாமல் இருந்தால் ஆடுவது அளவீடு மட்டுமே. சமிக்ஞைக் கம்பியின் உறை இரு முனைகளிலும் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கலாம். மின்கம்பிகளோடு ஒரே தட்டில் அது ஓடியிருக்கலாம். முனைத் திருகு தளர்ந்திருக்கலாம்.

இங்கே ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். மின்கம்பியிலிருந்து சமிக்ஞையில் கலக்கும் அலை விநாடிக்கு ஏறத்தாழ 50 முறை துடிப்பது. விநாடிக்கு ஒருமுறை மட்டும் அளவெடுக்கும் பதிவுக் கருவி அதைப் பார்த்தால், வடிகட்டி இல்லாதபோது, இல்லாத ஒரு மெதுவான அலையைக் காட்டும். அதிர்வெண் 49.95 ஹெர்ட்ஸாக இருந்தால் திரையில் 20 விநாடிக்கு ஒருமுறை எழும் அலை தோன்றும், அது 49.98 ஆனால் 50 விநாடி அலையாக மாறும். அலைவின் காலம் தொகுப்பின் அதிர்வெண்ணோடு சேர்ந்து மாறினால் இந்தப் பொய்த் தோற்றத்தைச் சந்தேகிக்கலாம். விரைவாக அளவெடுக்கும் பதிவுக் கருவி கையிலின்றி இத்தகைய விசாரணையில் இறங்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதற்கு ஒப்பாகும்.

ஆட்டம் மெய்யென்று தெரிந்தபின், ஆணை, வால்வின் நிலை, எரிவாயு அழுத்தம், வேகம், மெகாவாட் ஆகிய ஐந்தையும் ஒரே கால அளவில் பதிய வேண்டும். ஐந்தும் ஆடும், எது முந்துகிறது என்பதே சாட்சியம். குறிப்பிட்ட மெகாவாட்டைத் தானாகக் காக்கும் வெளிச்சுற்றை நிறுத்திவிட்டு, வேகச் சீராக்கியை மட்டும் வைத்து ஓட்டிப் பார்ப்பது பயனுள்ள சோதனை. ஆட்டம் அடங்கினால் கோளாறு அந்த வெளிச்சுற்றிலோ அதற்கு உண்மை அளவைத் தரும் கருவியிலோ இருக்கிறது.

ஆணை நிலையாக நிற்க வால்வு மட்டும் ஆடினால் விசாரணை செர்வோ வால்வுக்கும் உணர்கருவிக்கும் அவற்றின் கம்பிகளுக்கும் சுருங்கிவிடும். ஆணை மெதுவாக ஏற, வால்வு அசையாமல் நின்று பின் திடீரெனத் தாவினால், ஒட்டிக்கொண்டு விடுபடும் வால்வின் அடையாளம் அது. வண்டிமாடு முரண்டு பிடித்து நின்று, சாட்டை விழுந்ததும் குதித்து ஓடுவதைப் போன்றது. தாவிய வால்வு வேண்டிய இடத்தைத் தாண்டும். ஆணை எதிர்ப்புறம் திரும்பும். வால்வு மறுபடியும் ஒட்டும். எண்களை எப்படி மாற்றினாலும் இந்தச் சுழற்சி முற்றிலும் ஒழியாது. அதன் காலமும் வீச்சும் மட்டுமே மாறும். காரணம் பெரும்பாலும் எண்ணெயில் இருக்கிறது. செர்வோ வால்வின் உள் இடைவெளிகள் சில மைக்ரான் அளவினவே. வெப்பத்தில் நாட்பட்ட எண்ணெய் சிதைந்து உண்டாகும் வார்னிஷ் என்ற பிசுபிசுப்பான படலம் அங்கே படிகிறது. எண்ணெய் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினால் அன்றி உண்மை வெளிப்படாது. எண்ணெய்ச் சோதனைக்கும் வடிகட்டிக்கும் ஆகும் சிறு செலவுக்கான கோப்பு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்க, இயந்திரம் நின்று அதைவிடப் பெரும் இழப்பைத் தேடித் தருவது நிர்வாகத்தில் உள்ளோர் கருத வேண்டிய செய்தி.

வால்வு அசையாமல் இருக்க எரிவாயு அழுத்தம் ஆடினால், கோளாறு டர்பைனுக்கு வெளியே, அழுத்தக் குறைப்பு நிலையத்தின் சீராக்கியில் இருக்கக்கூடும். முழுச் சுமைக்கு அருகில் மட்டும் ஆட்டம் தோன்றினால் வேறொன்றையும் பார்க்க வேண்டும்: வேகக் கணக்கும் வெப்பநிலைக் கணக்கும் ஏறத்தாழ ஒரே அளவு எரிபொருளைக் கேட்க, ஆணை இரண்டுக்கும் இடையே மாறி மாறித் தாவலாம்.

தொகுப்பே ஆடும்போது

வேகம் முந்தி அசைந்தால் பார்வை மின் தொகுப்பின் பக்கம் திரும்ப வேண்டும். தொகுப்போடு இணைந்த டர்பைனின் வேகம் தொகுப்பின் அதிர்வெண்ணோடு கட்டுண்டது. சீராக்கியின் சாய்வு 4 சதவீதம் என்றால், 50 ஹெர்ட்ஸில் 2 ஹெர்ட்ஸ் மாறுவது முழுச் சுமைக்குச் சமம். ஆகவே 0.1 ஹெர்ட்ஸ் இறங்கினால் 100 மெகாவாட் இயந்திரம் 5 மெகாவாட் கூட்டித் தர வேண்டும். அது தருகிறது என்றால் கோளாறு அன்று, கடமை.

தென்னக மின் தொகுப்பில் இந்த வேறுபாடு நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. அதிர்வெண் பரந்த எல்லைகளுக்கிடையே அலைந்த நாட்களில், இயந்திரத்தின் அமைதியைக் கருதிச் சீராக்கிகளைச் செயலிழக்கச் செய்து ஓட்டுவது வழக்கமாயிற்று. 2003 ஜனவரியில் தென் மண்டலத்தில் அதிர்வெண்ணைச் சார்ந்த கட்டண முறை நடைமுறைக்கு வந்தபின் நிலைமை திருந்தியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தின் வழியே தென்னகம் நாட்டின் ஏனைய பகுதியோடு ஒரே தொகுப்பாக இணைந்தது. அதுமுதல் ஒரு நிலையத்தின் சீராக்கி செய்வதும் செய்யத் தவறுவதும் தென்னகத்தோடு நிற்பதில்லை. அண்டை நிலையங்களிலும் அதே நேரத்தில் அதே அலை தெரிகிறதா என்று பெங்களூரிலுள்ள தென்மண்டலச் சுமை அனுப்பீட்டு மையத்திடம் கேட்பது, வால்வைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

கெயினைக் குறைத்து ஆட்டத்தை மறைப்பதன் விலை வேறொரு நாள் தெரியும். முழுச் சுமையில் ஓடும்போது மின்னாக்கியின் பிரேக்கர் திடீரெனத் திறந்துகொண்டால், சுமையிழந்த டர்பைன் சில விநாடிகளில் வேகமெடுக்கும். சீராக்கி உடனே எரிபொருளைக் குறைத்தால் இயந்திரம் இயல்பு வேகத்திற்குத் திரும்பி, மறுபடி இணையத் தயாராக நிற்கும். மந்தமாக்கப்பட்ட சீராக்கி தாமதிக்கும். வேகம் 110 சதவீதத்தை எட்டினால் காப்புக் கருவி இயந்திரத்தை அடியோடு நிறுத்திவிடும். ஊர் இருளில் மின்சாரத்திற்குக் காத்திருக்கும் அந்த வேளையில் டர்பைனை மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓட்டியாக வேண்டும். காப்புக் கருவியும் செயல்படத் தவறினால் நேரக்கூடியது இயந்திர அழிவு.

எனவே எந்த எண்ணைத் தொடுவதற்கு முன்னும் பழைய மதிப்பு, நாள், நேரம், மாற்றுபவர் பெயர், காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். செர்வோ வால்வை மாற்றினால் உணர்கருவியின் அளவீட்டை மறுபடி சரிபார்த்து, வால்வை முழுதும் மூடிய நிலையிலிருந்து முழுதும் திறந்த நிலைவரை நகர்த்திப் பார்த்தபின்தான் டர்பைனை ஓட்ட வேண்டும். கழற்றிய பழைய வால்வைத் தூக்கி எறியாமல், அதனுள் படிந்திருப்பது என்ன என்று பார்ப்பதற்காக எண்ணெய் மாதிரியுடன் சேர்த்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும்.