போளூர்ப் பக்கம் பறவை பார்க்கப் போவோருக்கு
(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொடைக்கானல் போனால் ஏரி, தூண் பாறை பார்த்துத் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வழியாகப் போளூர் வரை போய் வாருங்கள். விடியற்காலையில் சோலை ஓரம் பேசாமல் நின்றால், யாரோ கூட்டமாகச் சிரிப்பதுபோல் கேட்கும். அதுதான் பழனிச் சிரிப்பான், வெண்புருவம் கொண்டது. 1869-இல் இதை விவரித்த பிளான்ஃபோர்டு, இம்மலையில் பறவை ஆய்ந்த பாதிரியார் ஃபேர்பேங்க்கின் பெயரைச் சூட்டினார். நிழலில் சோலைக்கிளியும் இருக்கும். பெயரில்தான் கிளி, நீல உடல், வெள்ளை வயிறு. இரண்டும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளில் மட்டுமே வாழ்பவை.

ஒரு வேண்டுகோள். படத்துக்காகக் கைபேசியில் அவற்றின் குரலை ஒலிக்கவிடாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று இரையையும் குஞ்சுகளையும் விட்டுப் பறவை ஓடிவரும். சோலைக்கிளி மண்மேட்டுப் பொந்தில் தாழ்வாகவே கூடு கட்டும்; அருகே போகாதீர்கள், பிளாஷ் அடிக்காதீர்கள்.

ஜெர்கின், பைனாகுலர், மங்கிய நிற உடை போதும். காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும்; சாலையோரம் நின்றாலே நிறையத் தெரியும். படம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. சிரிப்பைக் கேட்டுவிட்டு வாருங்கள்.