மாத்திரையும் மதிய வெயிலும்

நான் டாக்டர் அல்ல. பேங்கில் கணக்குப் பார்த்தவன். எதிலும் பொடி எழுத்தைப் படித்துவிடும் பழக்கம் மட்டும் உண்டு.

டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், முகப்பரு எனப் பலவற்றுக்கும் தருகிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் அதைச் சாப்பிடும் நாட்களில் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் சிலருக்குத் தோல் வெந்துவிடும். முகம், கழுத்து, புறங்கை என வெயில் பட்ட இடம் மட்டும் சிவந்து எரியும், கொப்புளமும் வரலாம். சிப்ரோஃப்ளாக்ஸசின், சல்ஃபா மாத்திரைகளிலும் இது உண்டு. ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை முழுதாகத் தடுக்காது.

எனவே மாத்திரை முடியும்வரை மொட்டைமாடியில் வடாம் காயவைப்பதை வேறொருவரிடம் விடுங்கள். வெளியே போனால் முழுக்கைச் சட்டை, குடை. எரிச்சல் வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் உடனே டாக்டரைக் கேளுங்கள்.

நாம் வீட்டுக்குள் இருந்துகொள்ளலாம். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் தோட்டக்காரருக்கும் அது முடியாது. இந்த மாத்திரை சாப்பிடுவதாக அவர்கள் சொன்னால், அந்தச் சில நாட்கள் நிழலில் வேலை கொடுப்போம்.